தீவாக்கப்பட்ட குடாநாடு: ஐரோப்பியத் தேசப்படங்களின் பிழைகளும் அவற்றின் விளக்கங்களும்

ஐரோப்பியத் தேசப்படவரைவின் வரலாற்றைக் கூறும் நூல்களிலே பிழைகளுக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் வேடிக்கைக்குரிய இடமாகவே இருந்துவந்துள்ளது. வடதுருவத்திலே கரும்பாறையொன்றையும் அதனைச் சூழ நான்கு நிலப்பரப்புகளையும் வரைந்த மேர்க்கேற்றர், தென்துருவத்தைச் சுற்றி எவருமே கண்டிராத பெருங்கண்டமொன்றை விரித்துவைத்த ஓர்ட்டேலியஸ், தலையற்ற மனிதரைத் தென்னமெரிக்காவின் உள்நாட்டிலே நிறுத்திய ஹொண்டியஸ் ஆகியோர், பின்வந்த அறிவியலின் ஒளியிலே கரைந்துபோன நிழல்களாகக் காட்டப்படுவர். முதலில் அறியாமை, பின்னர் அறிவு. முதலில் கற்பனை, பின்னர் அளவீடு என்னும் ஏணிமுறையான வரலாறு இது. இதனைப் பயில்வோருக்கு ஒருவகை மனநிறைவு உண்டாவது இயல்பே. ஏணியின் உச்சிப்படியிலே நிற்பவர் எப்பொழுதும் வாசகரல்லவா?

1980களின் இறுதியிலே இவ்வேணிமுறை வரலாற்றுக்கு எதிராக வலுவான குரலெழுப்பியவர் ஆங்கிலேய அறிஞரான ஜே. பி. ஹார்லி. 1988இல் 'இமாகோ முண்டி' ஆய்விதழிலே வெளியான கட்டுரையில், புதுயுகத் தொடக்க ஐரோப்பாவின் தேசப்படங்களிற் காணப்படும் மௌனங்களையும் மறைப்புகளையும் அவர் ஆராய்ந்தார். 1989இல் வெளியான மற்றொரு கட்டுரையிலே, ஃபூக்கோ, டெரிடா ஆகியோரின் சிந்தனைகளைத் துணைக்கொண்டு, தேசப்படத்தை உலகின் கண்ணாடியாகக் கொள்ளாது, அதிகார உறவுகள் ஊடாடும் பனுவலாகக் கொண்டு வாசிக்க வேண்டுமென வாதிட்டார். 1991இல் அவர் மறைந்தபின், அவருடைய முக்கிய கட்டுரைகள் 2001இல் நூலுருப் பெற்றன. அறிவு எவருடைய நலனுக்காக உருவாக்கப்படுகின்றது என்ற வினாவை முதன்மைப்படுத்தும் முற்போக்கு வாசகர்கள் ஹார்லியை வரவேற்றதில் வியப்பில்லை. நாமும் வரவேற்றோம். ஆயின் கடந்த சில தசாப்தங்களிலே அவருடைய நோக்கு ஒரு வாய்பாடாகச் சுருங்கி வருவதையும் காண்கின்றோம். படத்திலே பிழை இருப்பின் அதன் பின்னே ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சி இருக்கும் என்பது அவ்வாய்பாடு. அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை, நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு பிழையைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்வது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கலிபோர்ணியா ஒரு தீவாக வரையப்பட்டமை.

கலிபோர்ணியா என்னும் பெயரே ஒரு கதைநூலிலிருந்து வந்தது. கார்சி ரொட்ரிகஸ் டி மொன்ரால்வோ என்னும் ஸ்பானியர் எழுதிய, எஸ்பிளாண்டியான் என்னும் வீரனின் கதையைக் கூறும் நூலின் இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1510இல் அச்சானது. இந்தியாக்களின் வலப்புறத்தே, பூலோக சுவர்க்கத்துக்கு அணித்தாக, கரியநிறப் பெண்கள் மாத்திரமே வாழ்கின்ற, பொன்னைத் தவிர வேறு உலோகமே இல்லாத ஒரு தீவை அவர் படைத்தார். அதன் அரசிக்குக் கலாபியா எனப் பெயரிட்டார். மெக்சிக்கோவை வென்ற கோர்ட்டேஸின் ஏவலில் மேற்கே சென்ற கப்பலொன்றின் கலகக்காரர் 1533இல் குடாநாட்டின் தென்முனைப் பகுதியிலே கரையேறினர். 1535இல் கோர்ட்டேஸ் தாமே அங்கு சென்றார். முத்துக்கள் கிடைத்தன, கலாபியா கிடைக்கவில்லை. பெயர் மட்டும் அந்நிலத்திலே தங்கிவிட்டது.

இதுவரை கூறியதை மட்டும் கொண்டு, கதையிலே தீவு, ஆகவே படத்திலும் தீவு என எளிதாக முடித்துவிடலாம். பல பொதுநூல்கள் அவ்வாறே முடித்தும் விடுகின்றன. ஆனால் காலவரிசை இதற்கு இடந்தருவதில்லை. 1539இல் கோர்ட்டேஸ் அனுப்பிய பிரான்சிஸ்கோ டி உல்லோவா வளைகுடாவின் தலைப்பகுதிவரை சென்று, அங்கே கடல் முடிந்து நிலம் தொடங்குவதைக் கண்டு திரும்பினார். 1540இல் ஹெர்னாண்டோ டி அலர்கோன் அதே தலைப்பகுதியை அடைந்து, அங்கு கலக்கும் கொலராடோ ஆற்றினுள்ளே படகுகளிற் சென்றார். 1541ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனப்படும் டொமிங்கோ டெல் காஸ்ரில்யோவின் படத்திலே கலிபோர்ணியா தெளிவான குடாநாடாக உள்ளது. மேர்க்கேற்றரின் 1569ஆம் ஆண்டு உலகப்படத்திலும் ஓர்ட்டேலியஸின் 1570ஆம் ஆண்டுத் தேசப்படத் தொகுதியிலும் அது குடாநாடே. அதாவது, கதைநூலின் நினைவு பசுமையாயிருந்த காலத்திலே படங்கள் சரியாக இருந்தன. கதை மங்கிய காலத்திலேயே பிழை தோன்றியது. அறிவு படிப்படியாக ஏறுகின்றது என்னும் ஏணிமுறை வரலாறு இடறி விழும் இடம் இதுவாகும்.

பிழையின் பிறப்பை 17ஆம் நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களிலே தேட வேண்டும். 1602–03இல் செபாஸ்தியான் விஸ்கைனோ பசுபிக் கரையோரமாக வடக்கே பயணஞ்செய்தார். அவருடன் சென்றவர் அந்தோனியோ டி லா அசென்சியோன் என்னும் கார்மேல் சபைத் துறவி. அப்பயணம் வெளிக்கரை ஓரமாகச் சென்றதேயன்றி வளைகுடாவினுள்ளே செல்லவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் 1620இல் எழுதிய குறிப்பிலே அத்துறவி, கலிபோர்ணியா பெருநிலத்திலிருந்து முற்றாகப் பிரிந்த பெருந்தீவு என்றும், இடையிலுள்ள கடல் வடக்கே அனியான் நீரிணையுடன் இணைகின்றதென்றும் உறுதியாகக் கூறினார். இதற்கிடையில் 1605இல் ஹுவான் டி ஓனாத்தேயின் குழுவினர் தரைவழியாகக் கொலராடோவின் கழிமுகத்தை அடைந்திருந்தனர். ஆற்றங்கரை மக்களிடம் வினாவி, கடல் அங்கே முடியாது வடமேற்கே மேலும் நீள்கின்றது என அவர்கள் விளங்கிக்கொண்டனர். சைகைகளாலும் அரைகுறை மொழிபெயர்ப்பாலும் நடந்த அவ்வுரையாடலிலே கேட்டவர் எதனை எதிர்பார்த்துக் கேட்டார் என்பதும் விடையின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. அக்கழிமுகத்தின் இயல்பையும் மறந்துவிடக்கூடாது. வற்றுப்பெருக்கின் வீச்சு மிகப் பெரிதாயுள்ள இடம் அது. பெருக்கின்போது நீர்மதில் போல ஆற்றினுள்ளே அலை ஏறும். வற்றின்போது சேற்றுத்திடல்கள் பரந்து தோன்றும். எது கடல், எது ஆறு, எது நிலம் என்று ஒருநாட் பார்வையிலே துணிந்து கூறுதல் எளிதன்று.

1622இல் ஆம்ஸ்ரடாமிலே மிகியேல் கோலைன் வெளியிட்ட, ஹெரேராவின் மேற்கிந்தியா பற்றிய நூலின் முகப்புப் பக்கத்திலுள்ள சிறுபடத்திலே கலிபோர்ணியா தீவாகத் தோன்றியது. 1625இல் இலண்டனிலே சாமுவேல் பேர்ச்சஸ் வெளியிட்ட பயணநூற் தொகுதியிலே ஹென்றி பிறிக்ஸின் வட அமெரிக்கப் படம் இடம்பெற்றது. அதில் கலிபோர்ணியா பெரிய, விவரமான, ஐயத்துக்கிடமற்ற தீவு. ஒல்லாந்தர் கைப்பற்றிய ஸ்பானியப் படமொன்றே இதற்கு ஆதாரம் எனவும் அங்கு கூறப்பட்டது. பிறிக்ஸ் சாதாரணமானவர் அல்லர். மடக்கைகளைப் பத்தடியிலே கணித்து உலகுக்கு வழங்கிய கணித மேதை அவர். பேர்ச்சஸோ, ஹக்லூயிற் என்னும் மூத்த தொகுப்பாசிரியரின் கையெழுத்துப் பிரதிகளைப் பெற்று அவருடைய பணியைத் தொடர்ந்தவர். உல்லோவாவின் பயண விவரம் 1556இல் இராமூசியோவால் இத்தாலிய மொழியிலும், 1600இல் அதே ஹக்லூயிற்றால் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தது! பிழை பிறந்த வீட்டின் புத்தகத் தட்டிலேயே அதன் மறுப்பும் இருந்தது. இத்தகைய நிலையிலே 'அறியாமை' என்னும் சொல் எதனை விளக்கும் என்பதை வாசகரே முடிவுசெய்யலாம்.

அவ்வாறாயின் சூழ்ச்சியா? ஹார்லியின் வழிவந்தோர் சிலர் அவ்வாறு கூற விரும்புவர். அவர்களுடைய ஐயத்துக்கு அடிப்படை இல்லாமலுமில்லை. பிறிக்ஸ் வேர்ஜீனியாக் கம்பனியுடன் தொடர்புடையவர். 1622இல் வடமேற்குக் கடல்வழி பற்றிய சிறுநூலொன்றையும் வெளியிட்டவர். வேர்ஜீனியாவுக்கும் ஹட்சன் குடாவுக்கும் அப்பால், அதிக தொலைவிலன்றித் தென்கடல் கிடக்கின்றது என்பதே அந்நூலின் சாரம். கலிபோர்ணியாவைப் பெருநிலத்திலிருந்து பிரித்து, இடையே வடக்கு நோக்கி நீளும் கடலொன்றை வரைந்தால், பசுபிக் சமுத்திரம் ஆங்கிலேயரின் வாயிலண்டைக்கு வந்துவிடும். முதலிடுவோர்க்கு இதைவிட இனிய படம் வேறு எது? இங்கே பிழையும் வணிக நலனும் கைகோத்து நிற்பதை மறுக்கவியலாது.

ஆனால் இவ்விளக்கம் பிறிக்ஸுடன் நின்றுவிடுகின்றது. அசென்சியோனுக்கு ஆங்கிலேயக் கம்பனியின் இலாபத்தில் அக்கறை இல்லை. அவர் வேண்டியது ஸ்பானிய மன்னரின் செலவிலே அப்பகுதி குடியேற்றப்பட்டு, அங்குள்ளோர் கிறித்தவராக்கப்பட வேண்டும் என்பதே. செல்வமும் ஆன்மாக்களும் நிறைந்த பெருந்தீவு அவ்வேண்டுகோளுக்கு உகந்தது. நேரெதிரான அரசுகளைச் சேர்ந்த, ஒன்றையொன்று தடுக்க முயன்ற இரு நலன்கள் ஒரே பிழையிலே வந்து சந்திக்கின்றன. அதனை 'அதிகாரம்' என்னும் ஒருமைச் சொல்லால் விளக்க முயலும்போது, அச்சொல் எதனையும் விளக்காத சொல்லாகிவிடுகின்றது. எவருடைய அதிகாரம், எவருக்கு எதிராக, எந்தச் சந்தையிலே என்ற வினாக்கள் அங்கே மறைந்துபோகின்றன. ஹார்லியின் எழுத்திலே நாம் காணும் பிரதான குறைபாடு இதுவே. ஃபூக்கோவிடமிருந்து அவர் பெற்றுக்கொண்ட அதிகாரம் எங்கும் பரவி நிற்கின்றது. எங்கும் பரவி நிற்பதனாலேயே அதற்கு முகவரி இல்லை. தேசப்படத்தைப் பனுவலாகக் கண்ட அவர், அது ஒரு பண்டம் என்பதை எழுதியிருந்தும் போதிய அழுத்தங்கொடுத்து ஆராயவில்லை.

பண்டம் என்ற நிலையிலிருந்து நோக்கின் பிழையின் நீண்ட ஆயுள் தெளிவாகின்றது. ஸ்பானிய அரசு தன் கடல்வழி அறிவைப் பெரிதும் கையெழுத்து வடிவிலே வைத்திருந்தது. 1503இல் செவில் நகரிலே நிறுவப்பட்ட வணிக மன்றமும், அதன் பொறுப்பிலே 1508 முதல் பேணப்பட்ட அரச மூலப்படமும் இதற்குக் கருவிகள். முன்னர்க் குறிப்பிட்ட காஸ்ரில்யோவின் படம் அச்சேறியது 1770இலே, மெக்சிக்கோ நகரிலே. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சரியான படம் ஒன்று பொதுப்பார்வைக்கு வராது கிடந்தது. மறுபுறத்திலே ஆம்ஸ்ரடாமின் பட்டறைகள் படங்களை விலைக்கு விற்றன. செப்புத்தகட்டிலே ஒரு படத்தைச் செதுக்குவதற்குக் காலமும் கூலியும் ஏராளம். செதுக்கிய தகடு ஒரு முதலீடு. அது தேயும்வரை அச்சிடப்படும். உரிமையாளர் மாறினாற் பெயர் மட்டும் அழித்துச் செதுக்கப்படும். 1629இல் வில்லெம் பிளாவ், தம் போட்டியாளரான இளைய ஹொண்டியஸ் இறந்ததும் அவருடைய தகடுகளை விலைக்கு வாங்கித் தம் பெயரிலே வெளியிட்டமை இத்தொழிலின் இயல்பை நன்கு புலப்படுத்தும். ஒருவரைப் பார்த்து ஒருவர் செதுக்கும் இத்தகைய உற்பத்திமுறையிலே, புதியது என்ற முத்திரையே சரியானது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 1570ஆம் ஆண்டின் குடாநாடு பழையது. 1625ஆம் ஆண்டின் தீவு புதியது. அதிலும், எதிரியின் கப்பலிலே பிடிபட்ட இரகசியம். இலண்டனில் ஜோன் ஸ்பீட், பாரிசில் 1650இலும் 1656இலும் நிக்கொலா சன்சொன் எனப் பெயர்பெற்ற ஒவ்வொருவரும் அதனை ஏற்றுக்கொண்டதும் பிழை மரபாகிவிட்டது. சன்சொன் போன்றோரின் படங்களிலே தீவின் கரையோரம் நுணுக்கமான குடாக்களும் முனைகளும் பெற்று வளர்ந்தது. இல்லாத கரைக்கு விவரம் கூடக்கூட நம்பகத்தன்மையும் கூடிற்று.

ஸ்பானிய அரசின் இரகசியம் இங்கு வகித்த பங்கு விந்தையானது. மறைப்பு அதிகாரத்தின் ஆயுதம் என ஹார்லி கூறியது சரி. ஆனால் மறைத்தவர்க்கே அது வினையாகவும் முடிந்தது. உண்மை பூட்டிவைக்கப்பட்டதனால், ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் அச்சிட்ட பிழை ஸ்பானியரிடமே திரும்பி வந்து அவர்களையும் நம்பவைத்தது. மெக்சிக்கோவிலிருந்த அதிகாரிகளும் துறவிகளும் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்தே தம் அண்டை நிலத்தைத் தீவெனக் கருதினர்.

இதற்குச் சிறந்த சாட்சி ஒய்செபியோ கீனோ என்னும் இயேசுசபைத் துறவி. இன்றைய இத்தாலியின் வடபகுதியிலே பிறந்து, ஜேர்மனியிற் பயின்ற அவர், ஐரோப்பாவில் இருந்தபோது கலிபோர்ணியா குடாநாடு என்றே கற்றிருந்தார். மெக்சிக்கோவுக்கு வந்தபின் அங்கு நிலவிய கருத்துக்கு இணங்கி அது தீவென நம்பலானார். களத்துக்கு அண்மையிலே வந்ததும் அவருடைய அறிவு பின்வாங்கியது! 1683இல் அவர் கலிபோர்ணியாக் குடியேற்ற முயற்சியொன்றிற் பங்குகொண்டார். அப்பொழுது குடாநாட்டைக் குறுக்கே கடந்து, 1684இன் இறுதியிலே பசுபிக் கரையை அடைந்தார். அங்கே பெரிய நீலநிறச் சிப்பிகளைக் கண்டார். முயற்சி தோல்வியுற்றது. 1687 முதல் பெருநிலப்பக்கத்திலே, பீமா மக்களிடையே அவர் பணியாற்றினார்.

1699இலே, கொலராடோவுக்கு அண்மையிலே வாழ்ந்த மக்கள் அவருக்கு நீலச் சிப்பிகளைப் பரிசளித்தனர். வளைகுடாவின் உட்கரையிலே அத்தகைய சிப்பி இல்லை என்பதை அவர் அறிவார். பசுபிக் கரையிற் கண்ட சிப்பி இங்கே எவ்வாறு வந்தது? இடையிலே கடல் இருப்பின், படகுக் கடற்பயணமறியாத மக்களின் கைகளுக்கு அது வந்திராது. ஆகவே நிலவழி ஒன்று இருத்தல் வேண்டும். இவ்வனுமானத்தை உறுதிப்படுத்தவே 1701இல் அவர் கொலராடோவைத் தெப்பத்திலே கடந்தார். 1702இல் அதன் கழிமுகம்வரை சென்றார். கலிபோர்ணியாவுக்குத் தரைவழி உண்டெனக் காட்டும் அவருடைய படம் 1705இல் பாரிசிலே அச்சாயிற்று.

கீனோவின் வரலாற்றை விரிவாக எழுதியவர் அமெரிக்க வரலாற்றறிஞரான ஹேர்பேர்ட் போல்ற்றன். 1919இல் கீனோவின் நினைவுக்குறிப்புகளை ஆங்கிலத்திலே பதிப்பித்த அவர், 1936இல் பெரியதொரு வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். அவ்வெழுத்துக்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் போல்ற்றனின் சித்திரத்திலே குதிரைமீதமர்ந்த தனியொரு துறவி கண்டமொன்றின் புதிரை விடுவிக்கின்றார். சிப்பியை அங்கு கொண்டுவந்தவர் எவர்? பசுபிக் கரையிலிருந்து பாலைநிலங்களைக் கடந்து, கைக்குக் கை மாறி அதனைக் கொலராடோக் கரைக்குச் சேர்த்த மக்களுக்கு, அவ்விடங்கள் நிலத்தாற் பிணைந்தவை என்பது புதிரே அன்று. தினசரிப் பண்டமாற்றின் பாதை அது. யூமா மக்களும் அவர்களின் அயலவரும் நன்கறிந்திருந்த ஒன்றை ஐரோப்பியர் தம் படத்தினால் மறந்து, அம்மக்களின் சிப்பியினால் மீண்டும் அறிந்துகொண்டனர். 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லின் கீழே இவ்வறிவு புதையுண்டு கிடக்கின்றது. சிப்பி ஓர் ஆவணம். அதனை வாசிக்கக் கீனோவுக்குத் தெரிந்திருந்தது என்பதிலே அவருடைய மேதைமை உண்டு. அதனை எழுதியவர்கள் வேறு மக்கள்.

பிழையைத் திருத்தியவரும் நலனற்றவர் அல்லர் என்பதையும் கூறவேண்டும். 1697இல் குடாநாட்டிலே லொரேற்றோவில் இயேசுசபையின் குடியிருப்பு மீண்டும் தொடங்கப்பட்டிருந்தது. அது வரண்ட நிலம். உணவு கடல்வழியாகவே வரவேண்டும். கீனோவின் மிசன்களிலோ கால்நடைகள் பெருகியிருந்தன. தரைவழியொன்று இருப்பின் மந்தைகளை ஓட்டிச் சென்றுவிடலாம். உண்மையைத் தேடும் ஆர்வமும் மாட்டிறைச்சியின் தேவையும் ஒரே பாதையிலே நடந்தன. பிழைக்கு நலன் காரணம், உண்மைக்கு அறிவு காரணம் எனப் பிரிப்பது வசதியானது. வரலாறு அவ்வசதியை நமக்கு அளிப்பதாயில்லை.

கீனோவின் படம் வெளிவந்ததும் விவாதம் முடிந்துவிடவில்லை. பிரெஞ்சுப் படவரைஞரான கில்யோம் டெலீல், நூற்றாண்டின் தொடக்கத்திலே இவ்விடயத்தை முடிவின்றி விட்டுவைத்து, 1722இன் அமெரிக்கப் படத்திலே குடாநாடாக வரைந்தார். தெரியாததைத் தெரியாதென்று விட்டுவைக்கும் துணிவு அக்காலத் தொழிலிலே அரிது. அவ்வகையிலே டெலீலின் வெற்றிடத்தைச் சன்சொனின் அழகிய கரையோரங்களைக் காட்டிலும் நாம் மதிக்கின்றோம். இலண்டனிலே ஹேர்மன் மோல் 1720 அளவிலும் தீவையே விற்றுக்கொண்டிருந்தார். 1746இல் பெர்னாண்டோ கொன்சாக் என்னும் மற்றுமோர் இயேசுசபைத் துறவி வளைகுடாவின் தலைப்பகுதிவரை படகிற் சென்று மீண்டும் உறுதிசெய்தார். 1747இல் ஸ்பானிய மன்னர் ஆறாம் பெர்டினாந்து கலிபோர்ணியா தீவன்று என ஆணையிட்டார். புவியியலை அரச கட்டளையாற் திருத்தவேண்டி நேர்ந்தமை, அச்சுப்பண்டத்தின் பிடிவாதத்துக்கு நல்ல அளவுகோல்.

ஹார்லியின் கட்டுரைத் தொகுதிக்கு முன்னுரை எழுதிய ஜே. எச். அன்ட்றூஸ், ஹார்லியின் பல வாதங்களை ஐயுற்றார் என்பது இவ்விடத்திலே நினைவுகூரத்தக்கது. நூலொன்றின் முன்னுரையே அந்நூலுடன் வாதிடும் அந்நேர்மை போற்றத்தக்கது. அளவையியலாளரின் நடைமுறைச் சிக்கல்கள், படவரைஞரின் வழமைகள் ஆகியவற்றால் விளக்கக்கூடியவற்றுக்கு மறைவான கருத்துநிலையைத் தேடவேண்டியதில்லை என்பது அவருடைய நிலைப்பாட்டின் போக்கு. கலிபோர்ணியாவைப் பொறுத்தவரை வற்றுப்பெருக்கும் செப்புத்தகடும் அவர் பக்கம் சாட்சி சொல்லும். ஆனால் வழமைகள் எங்கிருந்து வருகின்றன? தகட்டைத் திருத்துவதற்குச் செலவிடாத வழமை, முதலீட்டின் தர்க்கத்திலிருந்து வருவது. நடைமுறை என்பதும் ஒரு சமூக உறவே. ஹார்லியின் அதிகாரத்துக்கு முகவரி இல்லை என்று குறைகூறிய நாம், அன்ட்றூஸின் நடைமுறைக்கு வரலாறு இல்லை என்றும் கூறவேண்டியவராகின்றோம்.

சூழ்ச்சி வாதம் ஓரளவு முழுமையாகப் பொருந்தும் பிழைகளும் இல்லாமலில்லை. பரீமா ஏரி அத்தகையது. 1595இல் ஒறினோக்கோ ஆற்றிலே சென்ற வோல்ற்றர் றாலி, 1596இல் வெளியிட்ட கயானா பற்றிய நூலிலே, பொன்னகரான மனோவா பெரிய உப்பேரியொன்றின் கரையிலே உள்ளதெனக் கூறினார். அவர் ஏரியையும் காணவில்லை, நகரையும் காணவில்லை. அரசவையின் ஆதரவையும் முதலிடுவோரையும் தேடிய அவருக்கு அவ்வேரி தேவைப்பட்டது. சில ஆண்டுகளுள்ளே ஹொண்டியஸ் அதனைப் படத்திலே வரைந்தார். அது ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அங்கேயே கிடந்தது. 1617இல் மீண்டும் கயானாவுக்குச் சென்று பொன்னின்றித் திரும்பிய றாலியின் தலை 1618இல் துண்டிக்கப்பட்டது. 1800இல் அப்பகுதிகளை ஆராய்ந்த ஹம்போல்ட், பரீமா என்னும் கடல்போன்ற ஏரி இல்லையெனக் காட்டினார். றூபுனூனிப் புல்வெளிகள் மழைக்காலத்திலே வெள்ளத்தால் மூடப்பட்டு, பின்னர் வற்றிவிடுவதே இக்கதையின் ஊற்று எனக் கருதப்படுகின்றது. அங்கு வாழ்ந்தோர் பெருநீரைப் பற்றிக் கூறியது பொய்யன்று. ஆண்டிற் சில மாதங்கள் அது மெய். ஐரோப்பியப் படத்துக்குப் பருவகாலம் இல்லை. அதிலே வரையப்படும் நீர் என்றும் வற்றாத நீர்.

நம்முடைய நாட்டையும் இவ்வரலாறு தொட்டுச் செல்கின்றது. இரண்டாம் நூற்றாண்டிலே தொலமி வகுத்த தப்ரபேன், மத்தியகோட்டைக் கடந்து தெற்கே நீளும் பெருந்தீவு. இலங்கை உண்மையிலே ஏறத்தாழ வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே கிடப்பது. தொலமியின் நூல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 1477 முதல் படங்களுடன் அச்சானபோது, அப்பெருந்தீவும் புத்துயிர் பெற்றது. கீழைத்தேயம் சென்ற நிக்கொலோ டி கொன்ரி தப்ரபேன் சுமத்திராவே எனக் கருதினார். செபாஸ்தியான் மூன்ஸ்ரர் தம் படத்திலே அவ்வாறே எழுதி, வெற்றிடத்தை ஒரு யானையால் நிரப்பினார். இங்கே இலாபம் தேடியவர் எவரும் இல்லை. பெருந்தீவு எனப் பண்டை ஆசான் கூறியிருக்க, மாலுமிகள் கண்ட இலங்கை சிறிதாயிருந்தது; ஆசானைத் திருத்துவதிலும் தீவை மாற்றுவது எளிதாயிற்று. மறுமலர்ச்சிக் காலப் புலமையின் பழமைப்பற்றே இப்பிழையின் தாய். தொலமியின் பருத்த தப்ரபேனைக் காட்டி இந்நாட்டின் பண்டைப் பெருமையைப் பேசுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் பெருமைப்படுவது ஒரு கணிப்புப் பிழையைக் கண்டு.

இதுவரை பிழைகளைப் பற்றியே பேசினோம். பிழையிலே மட்டும் அதிகாரத்தைத் தேடும் நோக்கின் மற்றொரு குறைபாடு, சரியான படத்தை அது விசாரணையின்றி விடுதலை செய்துவிடுகின்றது என்பதாகும். ஜேம்ஸ் றென்னெல் என்பவர் 1798இல் மேற்காபிரிக்காவின் குறுக்கே 'கொங் மலைகள்' என்னும் நெடுந்தொடரை வரைந்தார். அது 1880களின் இறுதியிலே பிரெஞ்சுக்காரரான பின்ஜே அங்கு நேரிற் சென்று மலையே இல்லையெனக் கண்டு அறிவிக்கும்வரை பல படங்களிலே நிலைத்திருந்தது. ஆய்வாளர் பலர் இக்கற்பனை மலையை விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் அதே றென்னெல் 1767 முதல் 1777 வரை வங்காளத்தின் நில அளவையாளர் நாயகமாகப் பணியாற்றி, 1779 அளவிலே வெளியிட்ட வங்காளத் தேசப்படத் தொகுதி அக்கால அளவிலே மிகத் திருத்தமானது. ஆறுகள், பாதைகள், ஊர்கள் யாவும் அதிலே உண்டு. கிழக்கிந்தியக் கம்பனி வரி அறவிட்ட நிலம் வங்காளம்; கொங் நாட்டிலே அதற்கு வரி இல்லை. ஒரே கை, ஒரே திறமை. வரி வந்த இடத்திலே ஆறு அளந்து வரையப்பட்டது; வராத இடத்திலே மலை கேட்டு வரையப்பட்டது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் குடாநாட்டின் அயலிலுள்ள தீவுகளையும் படங்களிலே வரைந்தனர். தீவு தீவாகவும் குடாநாடு குடாநாடாகவும் உள்ள படங்கள் அவை. மத்தியகோட்டைக் கடந்த தப்ரபேனின் ஊதிய உருவத்துக்கும் இவற்றுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் ஏணிமுறை வரலாறு முன்னேற்றம் என்று கூறும். அப்படங்களிலே வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. முன்னைய இரு பெயர்களும் பெரும்பாலும் வழக்கொழிந்தன. நெடுந்தீவைப் பிரதேச செயலகத்தின் ஆங்கிலப் பெயர் இன்றும் டெல்ஃப்ற் என்றே குறிக்கின்றது.